தட்டிற் பதிந்த நாதம்

இசைமரபு ஏட்டினால் மட்டும் வாழ்வதன்று, செவிவழி வாழ்வது. அயர்லாந்து நாட்டு மரபிசையின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும். சிக்காகோ நகரப் பொலிஸ் தலைவராயிருந்த அயர்லாந்தவர் பிரான்சிஸ் ஓனீல், தம் நாட்டு மெட்டுக்கள் 1850ஐச் சுரப்படுத்தி 1903இல் நூலாக்கினார். அரிய தொண்டு அது. ஆயினும், வில்லின் வீச்சும் விரலின் நுட்பமும் சுரக்குறியுள் அடங்குவனவோ?

சிலைகோ மாவட்டத்துப் பிடில் வித்துவான் மைக்கேல் கோல்மன் 1914இல் அமெரிக்கா சென்றார். 1921 முதல் நியூயோர்க்கில் அவர் வாசித்தளித்த இசைத்தட்டுக்கள் கடல் கடந்து தாயகம் புகுந்தன. அவரை நேரிற் காணாத இளைஞரும் தட்டை மீண்டும் மீண்டுஞ் சுழலவிட்டுப் பாடங் கேட்டனர். விளைந்த நன்மை பெரிது. ஆயின் இழப்பும் உண்டு. சிலைகோப் பாணி ஓங்க, பிறவூர்ப் பாணிகள் பல மங்கலாயின.

1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு ஊரூராகச் சென்று கதையும் பாட்டும் மெழுகுருளைகளிற் பதிந்தது. எனினும் பொருள் முட்டினால், எழுதிக்கொண்டபின் உருளைகளைச் சீவி மீண்டும் பயன்படுத்தியது. எழுத்து எஞ்சிற்று, குரல் போயிற்று!

1987இல் டப்ளினில் நிறுவப்பெற்ற அயர்லாந்து மரபிசை ஆவணக்காப்பகம் எஞ்சிய பதிவுகளைத் திரட்டிப் பேணுகின்றது. அவ்விசையைக் கற்கப் புகுவோர் கோல்மனின் தட்டுக்களோடு அமைதல் போதாது. பெயர் பரவாத ஊர்க்கலைஞரின் பதிவுகளையும் நாடிக் கேட்டல் வேண்டும். ஒருவரைக் கேட்பவர் அவ்வொருவரை அறிவர்; பலரையுங் கேட்பவரே மரபினை அறிவர்.