இளஞ்சூட்டுத் தண்ணீர்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குவின்சி என்றொரு ஊர். முன்னாள் படைவீரர்களுக்காக மாநில அரசு நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று 1886 முதல் அங்கே இருக்கிறது. 2015 ஆகஸ்டில் ஏறத்தாழ 400 பேர் அதில் வாழ்ந்தார்கள். அந்தக் கோடையில் பரவிய நோயில் 50க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். 12 பேர் இறந்தார்கள். நோய் வந்த வழி தண்ணீர்க் குழாய்.

அந்த நோய்க்குக் காரணமான லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா நுரையீரலைத் தாக்கிக் கடுமையான நிமோனியாவை உண்டாக்குகிறது. ஷவரிலும் குழாயிலும் தெறிக்கும் நுண்துளிகள் மூச்சோடு உள்ளே போனால் தொற்று. அறிகுறி தெரியப் பெரும்பாலும் 2 முதல் 14 நாட்கள் ஆகும். பார்வைக்குச் சாதாரண நிமோனியா போலவே இருக்கும். ஆனால் நிமோனியாவுக்கு வழக்கமாகத் தரும் பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பலிப்பதில்லை. சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் கண்டுபிடிக்கலாம். செய்யத் தோன்ற வேண்டும். மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ இந்த நோய் தொற்றியவர்களில் நால்வரில் ஒருவர் இறக்கிறார்.

இந்தக் கிருமி 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் பெருகும். 60 டிகிரியில் சாகும். 60 டிகிரி நீர் பட்டால் முதியவரின் மெல்லிய தோல் சில நொடிகளில் வெந்துபோகும். அதனால் இல்லங்களில் குழாய் நீரின் சூட்டைப் பொதுவாக 49 டிகிரிக்குள் வைக்கிறார்கள். தோலைக் காக்கும் சூடும் கிருமிக்கு உகந்த சூடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தொட்டியில் 60 டிகிரியில் சேமித்து, குழாய்க்கு அருகில் வால்வு வைத்துக் குளிர்நீர் கலப்பதே தீர்வு. இது தெரியாத பொறியாளர் இல்லை. ஆனால் யாராவது தினமும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

பழைய குழாய்களின் உட்சுவரில் பயோஃபிலிம் எனும் வழவழப்பான படலம் படிகிறது. அதற்குள் இருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. ஆளில்லாத அறையின் குழாயில் நீர் தேங்கும். குளோரின் வீரியம் இழக்கும். குவின்சியில் அந்தக் கோடையில் ஒரு வெந்நீர்த் தொட்டி பழுதுக்காக ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே நீர் இளஞ்சூட்டில் கிடந்தது. கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்காமலேயே தொட்டியை மீண்டும் இணைத்தார்கள்.

ஆகஸ்ட் 21க்குள் இருவருக்குத் தொற்று உறுதியானது மாநில அதிகாரிகளுக்குத் தெரியும். பொதுமக்களுக்கு அறிவித்தது 27ஆம் தேதி.

60 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு 2016இல் புதிய நீர் சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆலை புதிது; கட்டடங்களுக்குள் ஓடிய குழாய்கள் பழையவை. அந்த ஆண்டும் நோய் வந்தது. 2017இல் மீண்டும் வந்தது, இன்னொருவர் இறந்தார். 2018 ஜனவரியில் மாநில ஆளுநர் ஒரு வாரம் அங்கே தங்கி, குழாய்த் தண்ணீரைக் குடித்தார், அதிலேயே குளித்தார். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தவிர அது எதையும் நிரூபிக்கவில்லை. அடுத்த மாதமே புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள்.

2017 ஜூன் முதல் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு எழுத்து வடிவிலான நீர் மேலாண்மைத் திட்டம் கட்டாயம். ஆய்வாளர் வந்தால் அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். குழாய் நீரை எடுத்து லெஜியோனெல்லா இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என அந்த விதி சொல்லவில்லை.