மாத்திரை அதேதான், அளவு மாறிவிடும்

இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளைக் கலந்து, உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்குக் கொடுத்துவந்தார் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மூதாட்டி ஒருவர். அந்தக் கைமருந்து 1775இல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரின் பார்வைக்கு வந்தது. வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் இலைதான் என்று அவர் கண்டுகொண்டார். பத்தாண்டுகள் நோயாளிகளைக் கவனித்து 1785இல் அவர் எழுதிய நூலில் என்னைக் கவர்வது, மருந்தின் கேட்டை ஒளிக்காத நேர்மை. அளவு மீறினால் வாந்தி, தலைசுற்றல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும், நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்கும், சாவும் நேரலாம்.

அந்தச் செடியின் உறவினம் ஒன்றிலிருந்து 1930இல் பிரித்தெடுக்கப்பட்டதுதான் டிஜாக்சின். இதயச் செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்பை அது அடைக்கிறது. உள்ளே கால்சியம் கூடுகிறது, தசை வலுவாகச் சுருங்குகிறது. தாறுமாறாக ஓடும் துடிப்பின் வேகத்தையும் குறைக்கிறது.

வம்பெல்லாம் அளவில்தான். இதயச் செயலிழப்புக்கு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். 2ஐத் தாண்டினால் ஆபத்து. மாத்திரையைக் கூட்டாமலே அங்கே போய்விடலாம். மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. வயதானவருக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றினால், மருந்து உள்ளேயே தேங்கும். வீக்கம் வடியக் கொடுக்கும் ஃபுரோசமைடு பொட்டாசியத்தை இறக்கிவிடும். பொட்டாசியம் இறங்கினால் டிஜாக்சினின் பிடி இறுகும். அமியோடரோன், வெரபமில், கிளாரித்ரோமைசின் மூன்றும் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றும்.

வாரம் ஐந்து நாள் மாத்திரை, சனி ஞாயிறு கிடையாது என்று எழுதும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. சிறுநீரகத்துக்குக் கிழமை தெரியாது. அளவைக் குறைத்துத் தினமும் தருவதும், கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் அவ்வப்போது பார்ப்பதுமே சரியான வழி. டிஜாக்சின் அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பதானால், மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முன்பே எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

நச்சு ஏறினால் முறிக்க எதிர்ப்புரத மருந்து உண்டு. மஞ்சள் அரளியின் நஞ்சும் இதே குடும்பம் என்பதால் இலங்கையில் அதற்கும் பரிசோதித்தார்கள், பலன் கிடைத்தது. விலைதான் கட்டுப்படியாகாது.

டிஜாக்சின் சாப்பிடுபவருக்குத் திடீரெனப் பசி மந்தித்து, குமட்டினால், பித்தம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே மருந்துச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.