வாய்க்கால் கரையில் ஒரு கூடு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கானாங்கோழியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மழை ஓய்ந்த விடியலில் வாய்க்கால் புதருக்குள்ளிருந்து ‘குவாக் குவாக்’ என்று விடாமல் கத்தும். முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கறுப்பு. வாலைத் தூக்கி ஆட்டும்போது அடியில் செங்காவி தெரியும்.

செம்பனைக்கு நடுவே ஓடும் வாய்க்கால் கரைதான் அதற்குப் பிரசவ அறை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அடர்ந்த புல்லுக்குள், தண்டையும் இலையையும் மடித்துக் குழிவாக ஒரு கூடு. அதில் ஆறேழு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் கன்னங்கரேலென்று இருக்கும். பொரித்த சில நாளிலேயே தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும்.

அந்த மூன்று வாரத்துக்குள் கரையில் மருந்து அடித்தாலோ, இயந்திரம் விட்டுத் தூர் வாரினாலோ கூடு போயிற்று. களைக்கொல்லி பறவையை நேரே கொல்ல வேண்டியதில்லை. புல் கருகினாலே முட்டை வெயிலுக்கும் உடும்புக்கும் இரையாகிவிடும்.

அதே மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர்கள் நம் பெண்கள். மூக்கில் ரத்தம், தோல் எரிச்சல், கெட்டுப்போன நகங்கள் என்று தோட்டத்துப் பெண்கள் பட்ட பாட்டைத் தெனாகனிதா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அந்தக் களைக்கொல்லிகளில் ஒன்றான பாராகுவாட்டுக்கு முழுத் தடை வந்ததோ 2020 ஜனவரி 1இல்தான். பறவைக்காகப் பேசுவது தொழிலாளியை மறப்பதாகாது. இருவருக்கும் தீங்கு வந்தது ஒரே தெளிப்பானிலிருந்து.

பெரிய நீர்நிலைக்கும் நிம்மதியில்லை. பகாவ் வட்டாரத்தைத் தாண்டி, பகாங் மாநிலத்தில் இருக்கும் தாசெக் பெரா, 1994இல் ராம்சார் என்ற உலக ஈரநில ஒப்பந்தப் பட்டியலில் மலேசியாவின் முதல் ஈரநிலமானது. அதைச் சுற்றிலும் செம்பனை. மழை பெய்தால் தோட்டத்து மண்ணும் உரமும் ஏரியை நோக்கித்தான் போகும்.

சிரம்பான், நீலாய் பக்கம் தோட்டமே வீடமைப்புப் பகுதியாகிறது. பள்ளத்தை நிரவி, வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். சிமெண்ட் சுவரில் எந்தக் கானாங்கோழி கூடு கட்டும்?

ஐந்து மீட்டருக்கும் குறுகலான ஓடைக்குக்கூட இருபுறமும் 5 மீட்டர் கரையை விட்டுவைக்கச் சொல்கிறது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. தோட்டத்தில் வெட்டிய வாய்க்காலுக்கு நான் அவ்வளவு கேட்கவில்லை. ஒரு கரையைச் சுத்தம் செய்யும்போது மறுகரையை விட்டுவையுங்கள். மண்டோராகவோ கிராணியாகவோ இருப்பவர்களே, புல்லுக்குள் கூட்டைக் கண்டால் அந்த இடத்துக்கு மட்டும் மூன்று வாரம் மருந்தை நிறுத்தி வையுங்கள்.