பொமரேனியன் நாயின் குணமும் பராமரிப்பும்

வீட்டுக் காவலுக்கு ஊர்நாய் வளர்ப்பது கமக்காரர்களின் நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில் பொமரேனியன் என்னும் சிறு நாயை விரும்பி வாங்குவோரும் உளர். ஓலைத்தொடுவாய் போன்ற மணற்பாங்கான கரையூரில் இதனை வளர்க்க விரும்புவோர் ஒன்றை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஊர்நாய் வெயிலுக்கு ஒதுங்கி, இரை தேடி, ஓரளவு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பொமரேனியனோ முற்றிலும் வளர்ப்பவரை நம்பியே வாழும்.

பிறப்பிடம்

ஐரோப்பாவின் போல்டிக் கடற்கரையிலுள்ள பொமரேனியா என்னும் குளிர்நாட்டின் பெயரையே இவ்வினம் பெற்றுள்ளது. இதன் முன்னோர் உருவிற் பெரியவை. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியார் 1888ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து இவ்வினத்து நாயைக் கொண்டுவந்த பின்னர் சிறிய உருவமே பெரிதும் விரும்பப்பட்டது. இன்று தூய இனத்து நாய் ஏறத்தாழ 2 முதல் 3.5 கிலோகிராம் வரை நிறையுடையது.

குணம்

இது வீட்டாரை விட்டுப் பிரியாது. சொன்னதை விரைவில் விளங்கிக்கொள்ளும். அயலார் வந்தால் ஓயாது குரைக்கும். தன் உருவத்தை மறந்து பெரிய நாய்களையும் எதிர்க்குமாதலால் வெளியே கட்டவிழ்த்து விடலாகாது. குரைக்கும்போது அடித்தால் அச்சங்கொண்டு கடிக்கப் பழகும். அமைதியானவுடன் சிறு உணவு கொடுத்துப் பழக்குவதே நன்று. எலும்புகள் மெல்லியவையாதலால் சிறு குழந்தைகள் தூக்கி விளையாட விடாதீர்கள்.

வெப்பம்

இந்நாய்க்கு உள்மயிர், வெளிமயிர் என இரு படைகள் உண்டு. நாய் பெரும்பாலும் இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கும். எனவே சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில், முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, குளிர்ந்த நீரை எப்போதும் அருகில் வையுங்கள். உங்கள் புறங்கை பொறுக்காத மணலில் அதனை நடத்தாதீர்கள். மயிரை மழிக்க வேண்டாம், நாள்தோறும் சீவிவிடுங்கள். கடுமையாக இளைத்து, எச்சில் வடித்துத் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலைத் தண்ணீரால் நனைத்து விசிறி, கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். தாமதித்தால் உயிர் போகும்.

உணவும் நஞ்சும்

சோற்றுடன் முள் நீக்கிய மீன், இறைச்சி, அவித்த முட்டை ஆகியவற்றை உப்பும் உறைப்புமின்றிக் கொடுக்கலாம். சிறு குட்டிகள் நெடுநேரம் பசித்திருந்தால் இரத்தத்திற் சீனி குறைந்து மயங்கும். ஆகவே நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை உணவு தேவை. தோட்டத்து வெங்காயமும் உள்ளியும், பச்சையாயினும் சமைத்தவையாயினும், நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆதலால் கறிக்குழம்பு கலந்த சோறு ஆகாது. வலையிலிருந்து கழித்துக் கரையில் எறியப்படும் பேத்தை மீன் கொடிய நஞ்சுடையது. எலிமருந்தையும் பூச்சிமருந்துப் போத்தல்களையும் பூட்டி வையுங்கள். இத்துணைச் சிறிய உடலுக்குச் சிறிதளவு நஞ்சே போதும்.

விசர்நாய் நோய்

வீட்டுக்குள் வளரும் நாய்க்கு இந்நோய் வராதென எண்ணுவது தவறு. வேலி தாண்டி வரும் ஒரு விசர்நாயின் கடியே போதும். நோய்க்குறி தோன்றிய பின்னர் நாயையோ மனிதரையோ காப்பாற்றுதல் அரிது. கால்நடை வைத்தியர் குறிக்கும் வயதில் முதல் தடுப்பூசியையும், பின்னர் ஆண்டுதோறும் மறு ஊசியையும் போடுவியுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றைப் பூசாதீர்கள்.

ஏனைய கவனிப்பு

காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் பார்த்து உண்ணிகளை அகற்றுங்கள். அவை காய்ச்சலைப் பரப்புவன. சிறு நாய்களின் பற்கள் விரைவிற் கெடுமாதலால் மென்மையான தூரிகையால் துலக்குங்கள். மனிதர் பயன்படுத்தும் பற்பசை ஆகாது.

காலபோகத்தில் பெருநிலத்து வயல்களுக்குச் சென்று தங்கும் குடும்பத்தினர், அந்நாட்களில் நாயை யார் பார்ப்பாரென்பதை வாங்குமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். பார்ப்பாரில்லையெனில் இந்நாயை வாங்காதிருப்பதே நன்று. காவல் மட்டுமே தேவையாயின், தடுப்பூசி போட்ட ஊர்நாய் ஒன்றே போதும்.