"அவன் நல்ல பிள்ளை ஆச்சே!"

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பம். விடியற்காலை 3 மணிக்கே அடுப்பு எரிகிறது. 5 மணிக்குத் தகப்பனார் சைக்கிளில் புறப்பட்டு விடுகிறார். மாலையில் மறுநாளைக்கு மாவு அரைக்க வேண்டும். இருப்பது ஒரே அறை. மூத்த பையன் 10-ம் வகுப்பு.

ஒரே அறையில் படுத்து எழும் பிள்ளையின் மனக்கஷ்டம் பெற்றவர்களுக்குத் தெரியாமல் போகுமா?

போகிறது. தினமும் பார்ப்பதுதான் அதற்கு முதல் காரணம். மாற்றம் அணு அணுவாக வருவதால் கண்ணில் படுவதில்லை. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்த சித்தப்பாதான், "என்ன அண்ணி, பையன் இப்படி இளைச்சுட்டான்? பேச்சையே காணோமே?" என்று கேட்டார். அவன் கிரிக்கெட் மட்டையைத் தொட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் தாயாருக்கு நினைவு வந்தது.

மனம் நொந்த பிள்ளை அழுவான் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த வயதில் துக்கம் பெரும்பாலும் கோபமாக, எரிச்சலாக வெளிப்படும். வீட்டில் அதற்குப் பெயர் "திமிர்". அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பான். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு சரி. வாயே திறக்காத பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். "நல்ல பிள்ளை" என்று பெயர் வாங்கி விடுகிறான்.

எழுத்தைப் படிப்பவன் யார்?

வெளி மாநிலத்தில் இன்னொரு சங்கடம். பையன் நண்பர்களோடு இந்தி, பள்ளியில் மராத்தி, ஆங்கிலம். வீட்டுத் தமிழ், சாப்பாட்டுக்கும் கடைக்குப் போவதற்கும் மட்டும். மனதில் உள்ளதைச் சொல்ல அந்தத் தமிழில் அவனுக்கு வார்த்தை இல்லை. பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் படித்துச் சொல்பவனும் அவனே.

"என்னடா எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லேப்பா, பீஸ் கட்டச் சொல்றாங்க."

இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை என்று அதில் எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் அரை நாள் வியாபாரம் போகும். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

கண்ணில் பட்டாலும் வாய் வராது. "பைத்தியம்" என்று ஊரில் பேசுவார்களே, தங்கை கல்யாணம் என்னாவது என்ற பயம். 2022-ல் நாடு முழுவதும் தற்கொலை செய்து கொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதில் முதலிடம் மராட்டிய மாநிலத்துக்கு.

தூக்கம், சாப்பாடு, படிப்பு, சிநேகிதம் இவற்றில் பல ஒன்றாக மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்கிறார்கள் மனநல டாக்டர்கள். சயான் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

இட்லிக்காரர் இப்போது மாவு அரைக்கப் போகும்போது பையனையும் அழைத்துப் போகிறார். போக வர இருபது நிமிட நடை. நான்கு நாள் அவன் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள், "கணக்கு ஒண்ணுமே புரியலப்பா" என்றான்.