சிப்புக்குள்ள இருக்கற நம்பர் எத்தனை வருஷம் தாங்கும்?

எஃப்பிஜிஏ எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை நல்லா யோசிக்க வெச்சுது. "எங்க மெஷினோட லைசன்ஸை சிப்போட டிஎன்ஏ நம்பரோட கட்டிப் போட்டிருக்கோம். பத்து வருஷம் கழிச்சு அந்த நம்பர் மாறிட்டா, கஸ்டமரோட மெஷின் நின்னுடுமே?" நியாயமான பயம்.

புதுசா கேட்கறவங்களுக்காக: எஃப்பிஜிஏ என்பது நாம எழுதற சர்க்யூட்டை ஏத்திக்கற சிப். அந்த ஃபைலை யாராவது காப்பி எடுத்து, கடையில வாங்கின அதே மாடல் சிப்ல போட்டா உங்க ப்ராடக்டோட நகல் ரெடி. இதைத் தடுக்கத்தான் ஜைலிங்க்ஸ் (இப்போ ஏஎம்டி கையில இருக்கு) 'டிவைஸ் டிஎன்ஏ'ன்னு 57 பிட் நம்பரை சிப்புக்குள்ளேயே வெச்சாங்க. ஸ்பார்ட்டன்-6, 7 சீரிஸ் சிப்புகள்ல இது ஈஃபியூஸ்ல இருக்கு. வீட்டு ஃபியூஸ் தப்பித்தவறி எரியும். இதை ஃபேக்டரியில வேணும்னே எரிக்கறாங்க. எரிஞ்சது 1, எரியாதது 0 என்கிற மாதிரி. கரண்ட் போனாலும் அழியாது, நாம மாத்தி எழுதவும் முடியாது.

அப்போ பிரச்சனை எங்கே? படிக்கறதுல!

ஸ்பார்ட்டன்-6 டேட்டாஷீட்ல பலரும் கவனிக்காம தாண்டிப் போற ஒரு வரி உண்டு. இந்த நம்பரை 3 கோடி தடவை படிக்கலாம், அதுவரைக்கும்தான் உத்தரவாதம். ஃபியூஸைப் படிக்கணும்னா அது வழியா கொஞ்சம் கரண்ட் போயாகணும் இல்லையா? அதனால படிக்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு.

3 கோடி பெரிய நம்பராத் தெரியும். போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவை படிச்சா 57 வருஷம், கவலையே இல்லை. செகண்டுக்கு ஒரு தடவைன்னா 347 நாள். வாரண்டி முடியறதுக்குள்ளேயே தீர்ந்துடும். இன்னும் மோசம், 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்ல நிறுத்தாம படிச்சுட்டே இருக்கற சர்க்யூட். ஒரு தடவை படிக்க 58 கிளாக்னு வெச்சுக்கிட்டா, 29 நிமிஷத்துல 3 கோடி காலி. டெஸ்ட் பண்ணும்போது எல்லாம் சரியாத்தான் தெரியும். 3 கோடியே ஒண்ணாவது தடவை சிப் புஸ்ஸுனு போயிடாது. அதுக்கப்புறம் கம்பெனி எதுக்கும் பொறுப்பு ஏத்துக்காது, அவ்வளவுதான்.

தப்பிக்கற வழி ரொம்ப எளிது. இந்தக் கணக்கு ரீட் சிக்னலுக்கு மட்டும்தான், ஷிஃப்டுக்குக் கிடையாது. பவர் ஆன் ஆனதும் ஒரு தடவை ரீட் பண்ணி உங்க ரெஜிஸ்டர்ல வெச்சுக்கோங்க. லைசன்ஸ் செக்கை அந்தக் காப்பியை வெச்சு எத்தனை தடவை வேணும்னாலும் பண்ணலாம்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் ஆச்சரியமா இருந்தது. 7 சீரிஸ்ல முழு நம்பர் 64 பிட். அது ஜேடேக் வழியாத்தான் கிடைக்கும். உங்க சர்க்யூட்டுக்கு உள்ளே இருந்து தெரியறது 57 பிட் மட்டும். அந்த 57 பிட் ஒரே குடும்பத்துல அதிகபட்சம் 32 சிப்புகளுக்கு ஒரே மாதிரி இருக்கலாம்னு கம்பெனியே எழுதி வெச்சிருக்காங்க! லைசன்ஸுக்கு இது போதும், திருடறவனுக்கு அதே நம்பர் உள்ள சிப் கிடைக்கறது கஷ்டம். ஆனா கிளவுட்ல டேட்டாபேஸ் ப்ரைமரி கீயா இதைப் போடாதீங்க; ரெண்டு மெஷினோட டேட்டா ஒண்ணாக் கலந்துட்டா பிரிக்கவே முடியாது. அடுத்து வந்த அல்ட்ராஸ்கேல்ல 96 பிட் ஆக்கிட்டாங்க.

கேள்வி கேட்டவருக்கு: ஒரு தடவை மட்டும் படிச்சா, பத்து வருஷத்துல ஃபியூஸ் தேயும்னு நான் பயப்பட மாட்டேன். அதுக்கு முன்னாடி போர்டு பழுதாகி சர்வீஸ்ல மாத்திடுவாங்க, நம்பரும் மாறிடும். அதனால நம்பர் பொருந்தலைன்னா மெஷினை உடனே நிறுத்தாதீங்க. லாக்ல எழுதிட்டு, சில நாள் ஓட விட்டு, புது லைசன்ஸ் ஏத்த ஒரு வழி வெச்சுக் குடுங்க.