புதுச்சேரியிலிருந்து மர்தினிக்: மூன்று மாதக் கடல்

அட்லாண்டிக் பெருங்கடலைக் கப்பல்கள் எத்தனை நாளில் கடந்தன என்று கேட்டால் லிவர்பூல், நியூயார்க் கணக்குதான் வரும். கொலம்பஸ் 1492இல் கேனரித் தீவுகளை விட்டுக் கிளம்பி ஐந்து வாரத்தில் கரை கண்டார். 1838இல் கிரேட் வெஸ்டர்ன் என்ற நீராவிக் கப்பல் பிரிஸ்டலிலிருந்து பதினைந்து நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. 1851இல் பசிபிக் என்ற அமெரிக்கக் கப்பல் பத்து நாளுக்குள் கடந்தது. அதே ஐம்பதுகளில் அதே கடலைக் கடந்த தமிழர்களும் உண்டு. அவர்கள் ஏறிய இடம் புதுச்சேரியும் காரைக்காலும். அவர்களுக்கு ஆன காலம் ஏறத்தாழ மூன்று மாதம்.

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். மேஸ்திரிகள் தமிழ்நாட்டு ஊர்களில் ஆள் திரட்டி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி, துறைமுக டிப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரேலி என்ற கப்பல் 1853 மே 6 அன்று மர்தினிக் தீவில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1854 டிசம்பர் 24 அன்று அதே கப்பல் குவாதலூப்புக்கு 314 பேரைக் கொண்டு சேர்த்தது. 1880களின் இறுதிக்குள் மர்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போயிருந்தார்கள்.

மூன்று மாதம் ஏன் ஆயிற்று? முதலில், புதுச்சேரியில் கப்பல் அணையும் துறையே இல்லை. 1866இல் இரும்புப் பாலம் கட்டும்வரை, கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு அலைகளை முட்டிக்கொண்டு சலங்கு என்ற படகுகளில்தான் போக வேண்டும். பிறகு காற்றின் ஆட்சி. கப்பல் தெற்கே இறங்கி, நிலநடுக்கோட்டைத் தாண்டி, தென்கிழக்குக் காற்றைப் பிடித்து மடகாஸ்கருக்குத் தெற்கே போகும். அடுத்தது நன்னம்பிக்கை முனை. ஜூன், ஜூலை, ஆகஸ்டு அங்கே குளிர்காலம். மேலைக்காற்று எதிரே நின்று அறையும். பருத்தித் துணி உடுத்துப் பழகிய உடம்புகளுக்கு அந்தக் குளிரே நோய். அதனால்தான் 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை, முனைக்கு மேற்கே போகும் கப்பல்கள் இந்தியாவை விட்டு எந்த மாதங்களில் கிளம்பலாம் என்பதையும் வரையறுத்தது.

முனையைத் தாண்டினால் அட்லாண்டிக். அங்கே தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். முழுப் பயணத்திலும் இதமான பகுதி அதுதான். நிலநடுக்கோட்டருகே காற்றே அசையாத ஒரு பட்டை வரும், பாய் தொங்கிப்போகும். அதற்கப்பால் வடகிழக்குக் காற்று கரீபியத்துக்கு ஏற்றிவிடும். மொத்தம் ஏறக்குறைய 10,000 கடல் மைல். தொண்ணூறு நாளில் என்றால் சராசரி மணிக்கு எட்டுக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிதானமாகச் சைக்கிள் மிதிப்பவர் அதைவிட வேகமாகப் போவார்.

இந்தப் பயணத்தில் வேகம் என்பது பெருமைக்குரிய சாதனை அல்ல, உயிர்க் கணக்கு. நாள் கூடக்கூடப் பீப்பாய்த் தண்ணீர் கெடும். வாந்திபேதி ஒருவரைத் தொட்டால் அடித்தளம் முழுக்கப் பரவும். இறந்தவர்களுக்குக் கடலே இடுகாடு. இருந்தும் பாய்மரக் கப்பல்தான் நீண்ட காலம் ஓடியது. காற்றுக்குக் காசு இல்லை, நிலக்கரிக்கு உண்டு. தபாலுக்கும் முதல் வகுப்புப் பயணிக்கும் செலவிட்டவர்கள், கூலியாளுக்குச் செலவிட மனம் வைக்கவில்லை. நீராவி எஞ்சின் கண்டுபிடிக்கப்பட்டதாலேயே எல்லோருக்கும் கடல் சுருங்கிவிடவில்லை என்பதை இந்த வரலாறு போல வேறெதுவும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

1862ஐப் பாருங்கள். அந்த ஏப்ரலில் பிரான்சின் சேன்-நசேர் துறையிலிருந்து நீராவித் தபால் கப்பல் மர்தினிக் வழியாக மெக்ஸிகோவுக்கு ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு சூயஸிலிருந்து கிழக்கே இன்னொரு பிரெஞ்சு நீராவித் தடம் திறந்தது. இலங்கையின் காலித் துறையிலிருந்து அதன் கிளைக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. 'இன்னும் ஆள் அனுப்புங்கள்' என்று ஒரு தோட்ட முதலாளி எழுதினால், அந்தக் காகிதம் நீராவியில் வரும். அதைப் பார்த்து அனுப்பப்படும் ஆளோ பாய்மரத்தில் போவார். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் காகிதம் இன்னும் விரைந்தது. கூலிக் கப்பல்களில் நீராவி பிந்தித்தான் நுழைந்தது.

பிறகு வந்த வேகமெல்லாம் வேறு உலகம். 1935இல் பிரான்சின் நார்மண்டி கப்பல் அட்லாண்டிக்கை நான்கு நாள் மூன்று மணி நேரத்தில் கடந்தது. 1952இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பல் மூன்றரை நாளில் கடந்தது.

குவாதலூப், மர்தினிக் தீவுகளில் அந்தத் தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மாரியம்மனை வணங்குகிறார்கள். அவளுக்குப் பக்கத்தில் நாகூர் மீராவுக்கும் இடம் உண்டு. காரைக்காலை அடுத்த நாகூரில் அடங்கியிருக்கும் முஸ்லிம் பெரியவர் சாகுல் ஹமீதுதான் அவர். கடலில் காப்பவர் என்று நம்பி, இந்துக் கோயிலில் அவருக்குக் கொடிமரம் நட்டுக் கொடியேற்றுகிறார்கள்.